உங்கள் இசைக்குழுவுக்குச் சரியான ட்ரம்மரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: மலையகக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், தோட்டத்து விழா என்று மேடை ஏறும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கீபோர்ட் வாசிப்பவன். குழுவை நடத்துவதும் நான்தான் என்பதால் ட்ரம்மர் தேடும் வேலை பலமுறை என் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு தடவை தவறான ஆளைச் சேர்த்தேன். இரண்டு பேருடைய கையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் சோலோவைக் கேட்டு மயங்கி ஆளைச் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் எங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். வேலையின் வரிசை தலைகீழாகிவிட்டது.

புதிதாகக் குழு தொடங்கும் தம்பிமாரும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இடம் மாற்றாமல் செய்யுங்கள். முந்திய படியில் கிடைக்கும் விடை இல்லாமல் அடுத்த படியைச் சரியாகச் செய்ய முடியாது.

1. கடைசிப் பத்து நிகழ்ச்சிகளின் பாட்டுப் பட்டியலை எடுங்கள்

ஆளைத் தேடும் முன் ஒரு கொப்பியும் பேனாவும் போதும். கடைசிப் பத்து நிகழ்ச்சிகளில் என்னென்ன பாட்டு வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். புதிய குழு என்றால் வாசிக்கப்போகும் முப்பது பாட்டை எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் நடையைக் குறியுங்கள்: நான்கு நான்காகப் போகிறதா, மூன்று மூன்றாகப் போகிறதா, மெதுவான மெலடியா, குத்தா, பைலாவா (சிங்களவரின் ஆட்டப் பாட்டு), பக்திப் பாட்டா.

எங்கள் பட்டியலை எழுதி முடித்தபோது எனக்கே ஆச்சரியம். பாதிக்கு மேல் மூன்று மூன்றாகப் போகும் பாட்டுகள். நாங்களோ ரொக் அடிக்கத் தெரிந்த ஆளை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தோம்.

மலையகத்தில் இந்தக் கணக்கு முக்கியம். கோயில் மேடையில் பக்திப் பாட்டில் தொடங்கி, நடுவில் சினிமாப் பாட்டு வந்து, கடைசியில் குத்தில் முடியும். கல்யாண வீட்டில் சிங்கள நண்பர்கள் இரண்டு மேசை நிறைய இருப்பார்கள். பைலா இல்லாமல் உங்களை மேடையிலிருந்து இறங்க விடமாட்டார்கள். பைலாவும் ஆறடிதான், அதாவது மூன்று மூன்றாகப் போவதுதான்; தெம்மாங்கும் பெரும்பாலும் ஆறடிதான். எண்ணிக்கை ஒன்றானாலும் அழுத்தம் விழும் இடம் வேறு. ஒன்று தெரிந்தவருக்கு மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

பட்டியலின் அடியில் ஒரே வரியில் எழுதுங்கள்: ‘எங்களுக்கு வேண்டியவர் இந்த மூன்று நடைகளில் கைதேர்ந்தவர்.’ நான்கு நடை எழுத ஆசை வரும். மூன்றோடு நிறுத்துங்கள். எல்லாம் தெரிந்த ஆளைத் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

2. ட்ரம் செட்டா, ஒக்டபேட்டா என்று முடிவு செய்யுங்கள்

இதை ஆள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இரண்டும் ஒரே வேலை போலத் தெரிந்தாலும் இரண்டு வேறு கைகள் கேட்பவை.

ஒக்டபேட் என்பது குச்சியால் தட்டும் மின்னணுக் கருவி; அதில் எட்டுப் பேட். ஒரு ஸ்டாண்டோடு ஆட்டோவின் பின்சீட்டில் அடங்கிவிடும். தபேலா, டோலக், தவில் எல்லாச் சத்தமும் அதற்குள் இருக்கும். சத்தத்தின் அளவும் சவுண்ட்காரர் கையில். ட்ரம் செட் என்றால் அதற்குத் தனி வாகன இடம் வேண்டும், பூட்ட அரைமணி நேரம் வேண்டும், மூன்று நான்கு மைக்காவது வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டர் கல்ரோட்டில் ஏறும் தோட்டங்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு தனி வேலை.

அதற்காக ஒக்டபேட்டே போதும் என்று சொல்ல வரவில்லை. மழை பிடித்து கரன்ட் போனால் கீபோர்டும் கிட்டாரும் ஒக்டபேட்டும் ஒரே நொடியில் ஊமையாகும். ஒரு தடவை தோட்டத்து மண்டபம் ஒன்றில் அப்படித்தான் ஆனது. அன்றைக்கு ட்ரம் செட் இருந்தது. ஜெனரேட்டர் பற்றும் வரை ட்ரம்மர் தனியாகத் தாளத்தைத் தூக்கிப் பிடித்தார், கூட்டம் கைதட்டி அதன்மேல் பாடியது.

கையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டபேட்டில் மட்டும் பழகியவருக்குப் பல நேரம் கால் பழகியிருக்காது. வலது கால் கிக்கையும் (பெடலை மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) இடது கால் ஹை-ஹாட்டையும் (காலால் மூடித் திறக்கும் சோடிச் சிம்பல்) கையோடு சேர்த்து நடத்தத் தனிப் பழக்கம் வேண்டும். மறுபக்கம், செட்டில் கில்லாடியானவர் பேட்டில் தபேலா நடை வாசிக்கச் சொன்னால் முழிப்பார். உங்கள் பட்டியலில் எது அதிகமோ அதற்குரிய ஆளைத் தேடுங்கள்.

செட் யாருடையது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். குழுவினுடையது என்றால் எங்கே வைப்பது? ட்ரம்மருடையது என்றால் அதற்கு வாடகை உண்டா? இதற்கு விடை இல்லாமல் ஆளைக் கூப்பிட்டால், மூன்றாவது நிகழ்ச்சியில் ‘தோல் கிழிந்துவிட்டது, யார் வாங்குவது’ என்ற சண்டை நிச்சயம்.

3. சோதிக்க ஓர் இடத்தைத் தயார் செய்யுங்கள்

லயத்துக் காம்பராவில் ட்ரம் செட்டைப் பூட்டி வாசிக்க முடியாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடிகாலையில் கொழுந்துக்குப் போகிறவர்கள் நேரத்தோடு படுக்கவேண்டும். தோட்டத்துக் கலாசார மண்டபம், தேவாலய மண்டபம், பிள்ளைகள் போன பிறகு பிள்ளைக்காம்பரா — எங்கே அனுமதி கிடைக்கிறதோ அங்கே நாலு மணியிலிருந்து ஏழு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் உள்ள மண்டபத்தில் சிம்பல் சத்தம் காதைக் கிழிக்கும். தரையில் பாயோ பழைய கம்பளமோ விரியுங்கள், ஜன்னல்களில் போர்வை தொங்கவிடுங்கள். கிக் ட்ரம் முன்னால் வழுக்கிப் போகாமலும் இருக்கும். மழை நேரத்தில் தகரத்தின் சத்தத்துக்கு மேல் எதையும் சரியாகக் கேட்க முடியாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை; அந்த மாதங்களில் சோதனைக்கு இன்னொரு நாளையும் ஒதுக்கி வையுங்கள்.

4. எங்கே தேடுவது

தப்பு (பறை) அடிக்கும் குழுக்களை முதலில் பாருங்கள். நம் ஆட்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள்; எனக்கு அது புரியவே இல்லை. காமன் கூத்திலும் திருவிழா ஊர்வலத்திலும் இரவெல்லாம் நின்றுகொண்டே அடித்த பையனுக்கு மூன்று மூன்றாகப் போகும் நடை எலும்பில் ஊறியிருக்கும். களைப்பும் தெரியாது. அவருக்கு இல்லாதது கால். உட்கார்ந்து கிக் மிதிக்கப் பழக சில மாதம் பிடிக்கும். அவசரம் இல்லாத குழு என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்குச் சத்தத்தை அடக்கி வாசிக்கத் தெரியும், பாடுகிறவரைக் கேட்கவும் தெரியும். ஆனால் ஞாயிறு காலையும் டிசெம்பர் கடைசி வாரமும் அவர்கள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள்.

பாடசாலை பேண்ட் குழுவில் ஸ்னேர் அடித்தவர்களின் கை சுத்தமாக இருக்கும். இரண்டு கையும் ஒரே பலத்தில் விழும். நடந்துகொண்டே அடித்தவர்கள் என்பதால் இவர்களுக்கும் கால்தான் பாடம். மலையகப் பாடசாலைகளில் பேண்ட் அடித்த பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் படிப்பு முடிந்ததும் குச்சியை வைத்துவிடுகிறார்கள். அவர்களிடமும் கேளுங்கள். கேட்கும்போது வீட்டாரிடம் நேரில் போய், இரவில் கொண்டுவந்து விடும் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

பேஸ்புக் காணொளியைப் பார்த்து ஆள் தேடுவதானால் ஒரு விதி: தனியாக வாசிக்கும் காணொளியைத் தள்ளிவிட்டு, பாடகரோடு வாசிப்பதைக் கேளுங்கள். பாடகர் பாடும்போது ட்ரம்மர் என்ன செய்யாமல் இருக்கிறார் என்பதுதான் பார்க்கவேண்டியது.

இன்னொரு குழுவில் இருப்பவரை இழுக்காதீர்கள். பிடித்திருந்தால் அந்தக் குழுவின் தலைவரிடமே முதலில் பேசுங்கள். மலைநாடு பெரிதாகத் தெரிந்தாலும் மேடைக்காரர்களுக்கு அது ஒரே தெரு. இன்றைக்கு நீங்கள் இழுத்த ஆளை நாளைக்கு அவர்கள் இழுப்பார்கள்.

5. போனில் ஐந்து கேள்வி

சோதனைக்கு வரச்சொல்லும் முன் இதைக் கேளுங்கள். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் வந்துசேர முடியாதவரால் பயன் இல்லை.

எங்கே வேலை? கொழும்பில் கடையிலோ கம்பனியிலோ என்றால் எந்தெந்த நாளில் மேலே வருவார்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவேன் என்பவர் பயிற்சிக்கு எப்போது வருவார்? நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்குப் போக என்ன வழி? மலைப் பாதைகளில் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். இரவு பதினொரு மணிக்கு இறங்கும் மேடையிலிருந்து அவரைக் கொண்டுபோய் விடும் செலவு உங்கள் கணக்கில் வரும். சித்திரை, மாசி, டிசெம்பர் மாதங்களில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது ஏதும் உண்டா? சொந்தக் குச்சியும் கிக் பெடலும் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்வி கொஞ்சம் கூச்சமானது: மேடைக்கு முன் குடிப்பாரா? நேராகவே கேட்டுவிடுங்கள். ‘கொஞ்சம் போட்டால்தான் அண்ணே கை ஓடும்’ என்று ஒருவர் எனக்குச் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

6. ஒரு வாரம் முன் மூன்று பாட்டு அனுப்புங்கள்

மூன்றே மூன்று. ஒன்று மெதுவான மெலடி, ஒன்று உங்கள் பட்டியலில் அதிகம் வரும் நடை, ஒன்று இரண்டு நடை மாறும் நொன்ஸ்டொப் (நிறுத்தாமல் பாட்டுக்குப் பாட்டு தொடர்வது) துண்டு. வாட்ஸ்அப்பில் ஒலியை அனுப்பி, உங்கள் குழு எந்த இடத்தில் நிறுத்துகிறது, எத்தனை தடவை பல்லவி பாடுகிறது என்று குரலில் பேசி அனுப்புங்கள்.

ஒரு வாரத்துக்குக் குறைவாகக் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் சோதிப்பீர்கள். ஒரு மாதம் கொடுத்தால் யாரும் மூன்று பாட்டைக் கரைத்துக் குடித்துவிடலாம். ஒரு வாரம் என்பது நிகழ்ச்சிக்கு முன் நமக்கு உண்மையில் கிடைக்கும் நேரம்.

7. சோதனை நாள்

முழுக் குழுவையும் கூட்டாதீர்கள். முதல் அரைமணி பேஸ் கிட்டாரும் கீபோர்டும் மட்டும். பாடகர் பிறகு வரட்டும். ஆட்கள் அதிகம் இருந்தால் வந்தவர் கூட்டத்துக்கு வாசிப்பார். உங்களுக்கு அவர் பாட்டுக்கு வாசிப்பதைக் கேட்கவேண்டும். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள்.

அ. பூட்டுவதைப் பாருங்கள். இருக்கையின் உயரத்தைத் தனக்கேற்ப மாற்றுகிறாரா? ட்ரம் சாவி கொண்டுவந்தாரா? தோலை இறுக்கும்போது எதிரெதிர் திருகாணிகளை மாறி மாறித் திருப்புகிறாரா, வட்டமாகச் சுற்றி வருகிறாரா? வட்டமாக இறுக்கினால் தோல் ஒருபக்கம் இழுபட்டுச் சத்தம் கெடும். நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்திருக்கும், பத்து நிமிடம் கையைச் சூடாக்க விடுங்கள். சூடாக்காமல் உடனே பாய்கிறவர் நிகழ்ச்சியின் முதல் இரண்டு பாட்டிலும் தடுமாறுவார்.

ஆ. மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். மெட்ரோநோமை (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) 60-ல், அதாவது நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, சாதாரண நாலடியை இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். 60-ல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முழுதாக ஒரு நொடி. 120-ல் அது அரை நொடி. இடைவெளி குறைந்தால் தவறு மறைந்துவிடும், கூடினால் அம்பலமாகும். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

பிறகு மெட்ரோநோமை நிறுத்திவிட்டு அதே நடையைத் தொடரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் போட்டுப் பாருங்கள். பதிவிலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று நான்கு எண் ஏறியிருப்பதை நான் மன்னிப்பேன். பத்து ஏறியிருந்தால் மேடையில், கூட்டம் விசிலடிக்கும்போது, அது இருபதாகும். பாடகருக்கு மூச்சு வாங்கும்.

இ. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதே நடை, அதே வேகம், பாதிச் சத்தம். பிறகு அதிலும் பாதி. கவனியுங்கள்: சத்தம் குறையும்போது வேகமும் சேர்ந்து குறைகிறதா? அநேகமாகக் குறையும். குறையாதவர் கிடைத்தால் அவரைப் பற்றி ஒரு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க இதுதான் வேண்டும். ‘ட்ரம்ஸைக் கொஞ்சம் குறைங்க தம்பி, பேசவே முடியல’ என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

ஈ. நடை மாற்றத்தைச் சோதியுங்கள். நொன்ஸ்டொப் வாசிக்கும் குழு விழுவது பாட்டுக்குள் அல்ல, ஒரு பாட்டு முடிந்து மற்றது பிடிக்கும் மூட்டில்தான். ஆறடியிலிருந்து நாலடிக்குப் போகும்போது பெரும்பாலும் கால் மாறக்கூடாது, கைதான் மாறவேண்டும். ஒரு கால் மிதிக்கு மூன்றாக விழுந்த கை நான்காக விழும், கிக்கின் இடைவெளி அப்படியே இருக்கும். திஸ்ர நடையிலிருந்து சதுஸ்ர நடைக்குப் போவதும் இதுதான்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு, காலால் தட்டிக்கொண்டு வாயால் சொல்லச் சொல்லுங்கள்: ஒரு தட்டுக்கு ஒரு ‘தகிட’, நான்கு தட்டு. பிறகு கால் மாறாமல் ஒரு தட்டுக்கு ஒரு ‘தகதிமி’. வாயில் வராதது கையில் வராது. கர்நாடக சங்கீதம் படித்திருக்கவேண்டும் என்று இல்லை. தப்பு அடிக்கும் பையன்கள் அவர்களுக்கே உரிய சொல்லில் இதைப் பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

உ. பில் (வரிகளுக்கு நடுவே நடையை விட்டு அடிக்கும் சின்ன உருட்டல்) இல்லாமல் ஒரு பாட்டு. மூன்று பாட்டில் மெலடியை எடுத்து, ‘முழுப் பாட்டிலும் ஒரு பில்கூட வேண்டாம்’ என்று சொல்லுங்கள். இது கையைவிட மனதைச் சோதிப்பது. சிலர் முதல் சரணத்திலேயே தாங்கமாட்டாமல் டாம்களில் உருட்டிவிடுவார்கள். சொன்னதைக் கேட்கமுடியாதவர் என்று உடனே முடிவு செய்யாதீர்கள், ஒரு தடவை நினைவூட்டுங்கள். இரண்டாம் தடவையும் உருட்டினால் முடிவு செய்யலாம்.

அதன் பிறகு பில்லோடு வாசிக்கச் சொல்லுங்கள். பில் எவ்வளவு அழகு என்று பார்க்கவேண்டாம். பில் முடிந்து முதல் அடி சரியான இடத்தில் விழுகிறதா என்று உங்கள் காலால் தட்டிப் பாருங்கள். அழகான பில்லுக்குப் பின் முதலடி கொஞ்சம் முந்தி விழுந்தால், பேஸ் வாசிப்பவர் அவரைத் துரத்தவேண்டும், பாடகர் இரண்டு பேரையும் துரத்தவேண்டும்.

ஊ. வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. இப்போது பாடகரை உள்ளே விடுங்கள். அவரிடம் மட்டும் முன்பே ரகசியமாகச் சொல்லி வையுங்கள்: இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்குப் போகவேண்டும், அல்லது இடையிசைக்கு முன்பே பாடத் தொடங்கவேண்டும்.

மேடையில் இது எப்போதும் நடப்பது. கோயில் விழாவில் அன்பளிப்பு கொடுக்க ஒருவர் மேடையேறுவார், பாடகர் சிரித்துக் கும்பிட்டதில் வரி மறந்துபோகும். அந்த நொடியில் ட்ரம்மர் மூன்றில் ஒன்றைச் செய்வார். சிலர் பாடகரை முறைத்துக்கொண்டு, தான் பழகியபடியே அடித்துக்கொண்டு போவார்கள். சிலர் நிறுத்திவிடுவார்கள். சிலர் இரண்டு அடிக்குள் நடையை எளிதாக்கி, பாடகரின் வாயைப் பார்த்து, முதலடியைப் பிடித்து, பேஸ்காரருக்குத் தலையசைத்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மூன்றாம் வகை ஆள் கிடைத்தால், அவருடைய 60-ஆம் வேகம் கொஞ்சம் ஆடினாலும் நான் எடுப்பேன். வேகத்தை மெட்ரோநோமோடு ஆறு மாதம் உட்கார்ந்து சரிசெய்யலாம். அடுத்தவரைக் கேட்கும் காதை நான் யாருக்கும் இதுவரை கற்றுக்கொடுத்து வென்றதில்லை.

முதல் வகை ஆள் ஒருவரைத்தான் நான் முன்பு சேர்த்தது. பாட்டு முடிந்ததும் ‘அவருதான் அண்ணே பிழை விட்டாரு’ என்பார். உண்மைதான், பாடகர்தான் பிழைவிட்டார். அதைச் சனம் கண்டுபிடிக்கும்படி செய்தது இவர்.

8. தேநீர் குடிக்கும்போது

சோதனை முடிந்ததும் உடனே அனுப்பிவிடாமல் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ‘அந்த இரண்டாவது பாட்டில் நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள்?’ என்று கேட்கிறாரா, ‘ஒரு ஷோவுக்கு எவ்வளவு?’ என்று மட்டும் கேட்கிறாரா? காசு கேட்பது தவறே இல்லை. பாட்டைப் பற்றி ஒன்றுமே கேட்காததுதான் யோசிக்கவேண்டியது.

அவர் போன பிறகு முதலில் பேஸ் வாசிப்பவரிடம் கேளுங்கள். கிக்கோடு ஒட்டி வாசிக்கப்போகிறவர் அவர். ‘வாசிக்கச் சுகமாக இருந்ததா?’ என்ற ஒரு கேள்வி போதும். ‘நல்லாத்தான் வாசிக்கிறார், ஆனா…’ என்று இழுத்தால் அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதை முழுக்கக் கேட்டுவிடுங்கள். பிறகு பாடகரிடம். குழுத் தலைவரின் கருத்து கடைசி.

9. ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்

முதல் சோதனையில் இரண்டு திருத்தம் சொல்லி அனுப்புங்கள், எழுதிக் கொடுக்காமல் வாயால். அடுத்த வாரம் அதே பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தம் இரண்டும் வந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள். ஒன்றுமே வரவில்லை என்றால், எவ்வளவு திறமை இருந்தாலும், இரண்டு வருடம் கழித்தும் இதே இடத்தில்தான் இருப்பார்.

வீட்டில் செட் இல்லையே, எப்படிப் பழகுவார் என்று கேட்கலாம். தடித்த புத்தகத்தின் மேல் துணியை மடித்துப் போட்டுக் குச்சியால் தட்டலாம், குதிகாலால் தரையில் கிக் போடலாம். லயத்தில் வளர்ந்து நன்றாக வாசிப்பவர்கள் பலரும் அப்படித்தான் பழகினார்கள்.

இரண்டாம் தடவை நேரத்துக்கு வந்தாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் பிந்தியிருந்தால் போன் எடுத்துச் சொன்னாரா? முதல் நாள் எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள்.

10. காசையும் மழையையும் மேடைக்கு முன் பேசுங்கள்

சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால், முதல் மேடைக்கு முன்னே இவற்றைப் பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள்: நிகழ்ச்சிக்கு இவ்வளவா, வருமானத்தில் பங்கா? போக்குவரத்துச் செலவு கழித்த பிறகு பங்கா, கழிக்கும் முன்பா? பயிற்சி நாளுக்குப் பஸ் காசு உண்டா? குச்சி யார் வாங்குவது, தோல் யார் வாங்குவது? என் அனுபவத்தில் குச்சி ட்ரம்மருடையது, தோல் குழுவினுடையது என்று பிரித்தால் சண்டை குறைவு. குச்சி அவர் அடிக்கும் விதத்தால் உடைவது, தோல் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் தேய்வது.

மழையால் நிகழ்ச்சி நின்றால் என்ன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண் சரிந்து பாதை மூடி, பாதி வழியில் திரும்பி வந்த இரவுகள் நம்மிடம் உண்டு. அன்றைய நாளை அவர் உங்களுக்காக ஒதுக்கினார். தோட்டத்தில் செக்ரோலில் (நாள்வரவுப் பதிவு) பெயர் போடுகிறவர் என்றால் அன்றைய நாட்சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்திருப்பார். முற்பணத்தில் ஒரு பகுதி அவருக்கு என்று முன்பே எழுதிவிடுங்கள். கொடுக்கவேண்டியதை அன்றிரவே கொடுங்கள். ‘நாளைக்குப் போடுறேன்’ என்று சொல்லிச் சொல்லியே நல்ல ட்ரம்மர்களை இழந்த குழுக்களை எனக்குத் தெரியும்.

11. முதல் மேடை சிறியதாக இருக்கட்டும்

தேர்த் திருவிழா மேடையில் புதிய ஆளை இறக்காதீர்கள். பிறந்தநாள் வீடு, பாடசாலை விழா, சின்னக் கல்யாணம் போதும். பத்துப் பாட்டுக்கு மேல் வேண்டாம்.

திறந்தவெளி என்றால் ஒரு விடயத்தை முன்பே சொல்லிக்கொடுங்கள், மலைநாட்டு மைதானங்களில் இது பெரிய தொல்லை. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடை ஒரு மலைச்சரிவைப் பார்த்து இருந்து, அந்தச் சரிவு 170 மீட்டர் தள்ளி இருந்தால், நாம் அடித்தது சரியாக ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். 85 மீட்டர் என்றால் அரை நொடி. மெதுவான பாட்டில் அந்த எதிரொலி இன்னொரு ட்ரம்மர் வாசிப்பது போலவே கேட்கும். புதியவர் தன் அடியை விட்டு எதிரொலியைப் பிடிக்கப் போவார், பாட்டு இழுபடும். அவர் பக்கத்தில் ஒரு மொனிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள். அதில் பாடகர் குரலும் பேஸும் போதும். மேடையைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் பந்தல் போட்ட பிறகு யாரும் கேட்கமாட்டார்கள், காலையிலேயே போய்ச் சொல்லுங்கள்.

அன்றிரவு பிழைகளைப் பேசவேண்டாம். வேனில் வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், சின்னச் சொல்லும் பெரிதாகிவிடும். பதிவை அடுத்த நாள் எல்லோரும் கேட்டுவிட்டு, அடுத்த பயிற்சியில் பேசுங்கள். மூன்று சின்ன மேடைகளுக்குப் பிறகு நிரந்தரமாகச் சேர்ப்பது பற்றிச் சொல்லுங்கள், அதற்கு முன் பெயர்ப்பலகையில் படம் போடாதீர்கள்.

12. எடுக்காதவர்களுக்கும் போன் செய்யுங்கள்

மூன்று பேரைச் சோதித்து ஒருவரை எடுத்தால் மற்ற இருவருக்கும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்: ‘தம்பி, ஆறடி உங்களுக்கு நல்லா வருது, சத்தம் குறைக்கிறதுலதான் இன்னும் பழக்கம் வேணும்.’ பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த சந்தையில் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் சங்கடம்.

அவர்கள் இலக்கத்தை அழிக்காதீர்கள். நம் பக்கத்து இளைஞர்களுக்கு எந்த மாதத்திலும் கொழும்பிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ வேலை வரும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் ஒரு வெள்ளிக்கிழமை கடவுச்சீட்டோடு வந்து நிற்பார். ‘ஞாயிற்றுக்கிழமை பறக்கிறேன் அண்ணே.’ சனிக்கிழமை கல்யாணம் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்படி நடந்தபோது, ஒரு வருடம் முன் நான் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று சொன்ன பையனுக்குத்தான் அழைத்தேன். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். கிக் ட்ரம்முக்கு அடியில் விரிக்க, கேட்காமலே, ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.